ஜெனரல் ஓட்டோ ரூகே: 1940 ஜூனில் கைதியாகத் தங்கியவர், 1945இல் தலைமைத் தளபதி, 1946இல் பதவி விலகல். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

கடலோடி (கேள்வி)

வணக்கம். இரண்டாம் உலகப்போரில் நார்வேயின் பங்கைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். அதில் ஜெனரல் ஓட்டோ ரூகே என்பவரின் வாழ்க்கை மட்டும் ஒரு கோட்டில் வந்து சேரவில்லை. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியர் படையெடுத்த மறுநாளே, கர்னல் நிலையில் இருந்த இவரை அரசு தலைமைத் தளபதியாக்கியது. இரண்டு மாதம் போரிட்டார். ஜூன் தொடக்கத்தில் மன்னர் ஹோகோனும் அமைச்சரவையும் பிரிட்டனுக்குக் கப்பலேறியபோது இவர் ஏறவில்லை. தம் வீரர்களோடு நாட்டிலேயே தங்கி, போர்க்கைதியாகி, ஐந்தாண்டுகளை ஜெர்மன் முகாம்களில் கழித்தார். 1945இல் திரும்பி வந்தவருக்கு நாட்டின் ஆக உயர்ந்த இராணுவப் பதவி கிடைத்தது. ஆனால் சில மாதங்களில், 1946 தொடக்கத்திலேயே, அதிலிருந்து விலகிவிட்டார்.

எனக்கு மூன்று ஐயங்கள். மூத்த தளபதிகள் பலர் இருக்க, இவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? போரைத் தொடர வேண்டிய தளபதி எதிரியிடம் கைதியாகத் தங்கியது சரியான முடிவா? போருக்குப் பின் அவரால் ஏன் நீடிக்க முடியவில்லை? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடதிசை

முதல் ஐயத்துக்கு என்னால் விடை சொல்ல முடியும். அதைச் சொல்லத் தொடங்கினால் போர்க்களத்தின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 9 அன்று தலைமைத் தளபதியாக இருந்தவர் ஜெனரல் கிறிஸ்டியன் லோக்கே. அறுபதைக் கடந்தவர். ஆஸ்லோ, பெர்கன், ட்ரொண்ட்ஹெய்ம், நார்விக் ஆகிய நகரங்கள் ஒரே விடியற்காலையில் எதிரியின் கைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அரசு ஆணையிட்ட படைதிரட்டல் அஞ்சல் வழியாக அழைப்பு அனுப்பும் முறையில் இருந்தது. அதாவது, எதிரி நகருக்குள் நுழைந்துவிட்டான். வீரனுக்கோ கடிதம் வந்துசேர இன்னும் நாளாகும். இந்தக் குழப்பத்துக்கு அமைச்சரவைக்கும் முழுப் பொறுப்பு உண்டு. ஆனாலும் லோக்கேயிடம் எதிர்த்து நிற்கும் உறுதி இல்லை என்று அமைச்சர்கள் கருதினர். அவரிடம் அவர்களுக்கு நம்பிக்கை அற்றுப்போயிற்று.

ரூகே அப்போது காலாட்படையின் தலைமை ஆய்வாளர். அதற்கு முன் 1933 முதல் 1938 வரை இராணுவத்தின் போர்த்திட்டங்களை வகுக்கும் பொதுப் பணியகத்தின் (General Staff) தலைவராக இருந்தவர். ஏப்ரல் 9 இரவில் எல்வெரும் நகருக்கு மேற்கே மித்ஸ்கோகென் என்ற பண்ணையருகே நடந்த மோதலைப் பாருங்கள். மன்னரையும் அரசையும் பிடிப்பதற்காக, ஜெர்மன் தூதரகத்தின் விமானப்படைப் பொறுப்பாளர் கேப்டன் எபர்ஹார்ட் ஷ்பில்லர் சுமார் நூறு பாராசூட் வீரர்களைப் பறித்தெடுத்த பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர்களை மறித்தவர்கள் அரண்மனைக் காவற்படையின் பயிற்சி வீரர்களும், துப்பாக்கி சுடும் மன்றங்களிலிருந்து ஓடிவந்த உள்ளூர்த் தன்னார்வலர்களும்தான். சாலையின் குறுக்கே தடை போட்டு, பனியில் கோல்ட் இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்திக்கொண்டு காத்திருந்தனர். ஷ்பில்லர் படுகாயமுற்று இறந்தார். பேருந்துகள் வந்தவழியே திரும்பின. அளவில் மிகச் சிறிய சண்டை. ஆனால் எதிர்த்து நின்றால் எதிரியைத் தடுத்து நிறுத்தலாம் என்பதை அந்த நாளில் அரசுக்குக் கண்கூடாகக் காட்டியது அதுதான். அந்தச் சூழலில், போரிடலாம், போரிட வேண்டும் என்று சொல்லக்கூடிய மூத்த அதிகாரி ஒருவர் அருகிலேயே இருந்தார். ஏப்ரல் 10 அன்று நியமனம். கர்னல் மேஜர் ஜெனரலானார். மறுநாள் ரெனாவில் பொறுப்பேற்றார்.

அவர் கையில் இருந்தது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நார்வே இராணுவத்திடம் போரிடத்தக்க டாங்கி ஒன்றுகூட இல்லை. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் இல்லை. ஆயுதக் கிடங்குகளும் பயிற்சித் திடல்களும் பல இடங்களில் முதல் நாளிலேயே பறிபோயிருந்தன. இந்நிலையில் ரூகே வகுத்த திட்டம் எளிமையானது, ஆனால் மனத்தை அழுத்தக்கூடியது: ஆஸ்லோவிலிருந்து வடக்கே ஏறும் குட்பிரான்ட்ஸ்டால், ஓஸ்டெர்டால் பள்ளத்தாக்குகளில் பின்வாங்கியபடியே போரிட்டு, நேச நாட்டுப் படைகள் வந்து ட்ரொண்ட்ஹெய்மை மீட்கும்வரை காலம் ஈட்டுவது. வீரர்களுக்கு நாள்தோறும் பின்வாங்கும் ஆணை கொடுத்துக்கொண்டே அவர்கள் மன உறுதி குலையாமல் பார்த்துக்கொள்வது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

உதவி வந்தது, போதிய அளவில் வரவில்லை. பிரிகேடியர் மோர்கனின் 148ஆம் பிரிட்டிஷ் பிரிகேடு ஏப்ரல் 18 அன்று ஓன்டால்ஸ்னெஸ் துறைமுகத்தில் இறங்கியது. அதன் வண்டிகளையும் கருவிகளையும் சுமந்துவந்த கப்பல் நடுக்கடலிலேயே மூழ்கடிக்கப்பட்டது. அந்த பிரிகேடு 23ஆம் தேதி த்ரெத்தென் என்ற இடத்தில் சிதைந்தது. பின்னர் வந்த 15ஆம் பிரிகேடு குவாம், ஓத்தா ஆகிய இடங்களில் நன்றாகவே நின்றது என்றாலும், தலைக்கு மேல் ஜெர்மன் விமானங்கள் தடையின்றித் திரிந்தன.

ஏப்ரல் 28 அன்று, பிரிட்டன் தென் நார்வேயைக் கைவிட முடிவுசெய்துவிட்டது என்ற செய்தியை அங்கிருந்த பிரிட்டிஷ் ஜெனரல் பேஜெட் நேரில் வந்து ரூகேயிடம் சொல்ல வேண்டியிருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் போலந்துக்கும் நேர்ந்த கதிதான் நார்வேக்குமா என்று கேட்டுவிட்டு ரூகே அறையை விட்டு வெளியேறினார். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து, இவை நாம் முடிவுசெய்யும் செய்திகள் அல்ல, நாம் படைவீரர்கள், உங்கள் பின்வாங்கலுக்கு நான் என்ன உதவி செய்ய வேண்டும் என்று கேட்டார். செய்யவும் செய்தார். ரூகேயைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட அவரை நன்றாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. கைவிட்டுப் போகிறவனுக்கு வழிக்காவலாக நின்று, தம் வீரர்களைத் தொடர்ந்து சண்டையிடச் சொல்வதற்கு வெறும் துணிச்சல் மட்டும் போதாது.

அவர் ஈட்டிய அந்த மூன்று வாரங்களில் என்ன நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. மன்னரும் அரசும் தப்பினர். நார்வே வங்கியின் ஏறத்தாழ 50 டன் தங்கம் ஓன்டால்ஸ்னெஸ், மோல்டே வழியாகவும் மேலும் வடக்கேயிருந்தும் கப்பலேறியது. ரூகேயின் போர்முறை வென்றதா தோற்றதா என்று கேட்பவர்கள் நிலப்பரப்பை மட்டும் அளக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஏட்டுவாசி

மேலே நண்பர் தென்பகுதிப் போரை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். இந்த முடிவைத் தனிமனித வீரமாக மட்டும் பார்த்தால் அதன் முழுப் பொருளும் விளங்காது.

மே முதல் வாரத்துக்குள் தென் நார்வேயின் படைகள் பெரும்பாலும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டன. ரூகே வடக்கே ட்ரோம்சோ பகுதிக்குச் சென்றார். அங்கே ஜெனரல் கார்ல் குஸ்தாவ் ஃப்ளைஷரின் ஆறாவது டிவிஷன் பிரெஞ்சு, போலந்துப் படைகளோடு சேர்ந்து நார்விக்கை நெருக்கிக்கொண்டிருந்தது. மே 28 அன்று நகரம் மீட்கப்பட்டது. ஆனால் பிரான்சில் நிலைமை கவிழ்ந்திருந்தது. வடக்கிலிருந்தும் வெளியேறுவதென்று நேச நாடுகள் அதற்குச் சில நாள் முன்னரே முடிவெடுத்துவிட்டன. நார்வே அரசுக்கு அது ஜூன் 1 அன்றுதான் தெரிவிக்கப்பட்டது. வெற்றிச் செய்தி கேட்ட வாரத்திலேயே இந்தச் செய்தி. ஜூன் 7 அன்று மன்னரும் அமைச்சர்களும் ட்ரோம்சோவிலிருந்து டெவன்ஷையர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் புறப்பட்டனர். ஃப்ளைஷர் மறுநாள் சென்றார். ரூகே தங்கினார்.

தலைமைத் தளபதி தங்காமல் போயிருந்தால் களத்தில் இருந்த ஆயிரக்கணக்கானோரின் நிலை என்ன? நேச நாட்டுப் படைகள் போய்விட்ட நிலையில், விமானப் பாதுகாப்பும் வெடிமருந்தும் இல்லாமல், யாரிடம் ஆணை பெறுவது என்று தெரியாமல் சிதறியிருப்பார்கள். ரூகே இருந்து பேச்சுவார்த்தையை நடத்தினார். அவர் சார்பில் லெப்டினன்ட் கர்னல் ரோஷர் நீல்சன் ஜூன் 10 அன்று ட்ரொண்ட்ஹெய்மில் கையெழுத்திட்டார். வீரர்கள் ஒழுங்காகக் கலைக்கப்பட்டு வீடு திரும்பினர். அவர்களுக்கு விடுத்த பிரியாவிடை ஆணையில், விடுதலைப் போரின் முதல் அத்தியாயம் மட்டுமே முடிந்தது, போர் வேறு களங்களில் தொடர்கிறது என்ற கருத்தை ரூகே தெளிவாகவே சொன்னார்.

இதில் சட்டம் சார்ந்த ஒரு பக்கம் உண்டு. அது போருக்குப் பின் பெரிய வழக்காகவே வந்து நின்றது. ஜெர்மானியரோடு ஒத்துழைத்த குவிஸ்லிங்கின் கட்சியில் சேர்ந்து நாட்டுத் துரோகக் குற்றம் சுமத்தப்பட்டவர்களில் சிலர், ஜூன் 10 உடன்படிக்கையோடு நார்வே முழுமையாகச் சரணடைந்துவிட்டது, அதன்பின் ஜெர்மனி எதிரி நாடே அல்ல, ஆகவே நாங்கள் செய்தது துரோகம் ஆகாது என்று வாதிட்டனர். நார்வே உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. கையெழுத்திட்டது களத்தில் இருந்த படை, மன்னரும் அரசும் வெளியே இருந்து போரைத் தொடர்ந்தனர், போர்நிலை நீடித்தது. அரசு வெளியேறி, தளபதி மட்டும் தங்கிக் களத்தின் அளவில் போரை நிறுத்தியதால்தான் இந்தப் பிரிவு சாத்தியமாயிற்று. நாடு கடந்த அரசின் கீழ் ஏறத்தாழ ஆயிரம் வணிகக் கப்பல்கள் நேச நாடுகளுக்காக ஓடியதற்கும் அந்தப் போர்நிலையே அடிப்படை. ஒருவர் தங்கியதையும் மற்றவர்கள் போனதையும் ஒரே முடிவின் இரண்டு பாதிகளாகவே நான் காண்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீண்டும் ஜெர்மனிக்கு எதிராகப் போரிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அதிகாரிகளுக்கு விடுதலை கிடைத்தது. ரூகே அந்த வாக்கைக் கொடுக்க மறுத்தார். அதன் விலை ஐந்தாண்டுச் சிறை. முதலில் சாக்சனியில் கோனிக்ஸ்டைன் மலைக்கோட்டை, பிறகு வேறு முகாம்கள், கடைசியாக பெர்லினுக்குத் தெற்கே லுக்கன்வால்டே. 1943 ஆகஸ்டில் நார்வேயில் இருந்த அதிகாரிகளை ஜெர்மானியர் கூட்டமாகக் கைதுசெய்து ஜெர்மனிக்கு அனுப்பியபோது, 1940இல் வாக்குக் கொடுத்து வெளியே வந்திருந்த பலரும் சிக்கினர். அவர்களும் இறுதியில் லுக்கன்வால்டேயை வந்தடைந்தனர். 1945 ஏப்ரல் இறுதியில் செம்படை அம்முகாமை விடுவித்தது.

கடலோடி

இருவருக்கும் மிக்க நன்றி. சட்டப் பக்கத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. 1945க்குப் பிந்தைய பகுதியை யாராவது தொட்டால் நன்றாக இருக்கும். இவ்வளவு மதிப்போடு வந்தவர் ஏன் அவ்வளவு விரைவில் விலகினார்? புதிய அமைச்சரோடு ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் நான் படித்தவற்றில் காணப்படுகிறது.

மலைப்பாதை

அமைச்சரோடு ஒத்துப்போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த அமைச்சர் யார், எங்கிருந்து வந்தவர் என்பதில்தான் விளக்கம் இருக்கிறது.

1945 ஜூலையில் பட்டத்து இளவரசர் ஓலாவிடமிருந்து தலைமைத் தளபதிப் பொறுப்பு ரூகேக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 63. லெப்டினன்ட் ஜெனரல் நிலை. அந்த ஆண்டு நவம்பரில் ஐனார் கெர்ஹார்ட்சனின் தொழிற்கட்சி அரசில் பாதுகாப்பு அமைச்சரானவர் யென்ஸ் கிறிஸ்டியன் ஹௌகே. வயது 30. வழக்கறிஞர். ஆக்கிரமிப்புக் காலத்தில் நாட்டுக்குள்ளிருந்த தலைமறைவு இராணுவ அமைப்பான மில்ஓர்க்கை நடத்தியவர். வயது வேறுபாட்டை மட்டும் வைத்துக் கதை சொல்லிவிடலாம், ஆனால் அது போதாது. போர் முடிந்தபோது நார்வேயின் படைபலம் என்பது மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தது: நாட்டுக்குள் மில்ஓர்க்கின் சுமார் 40,000 பேர், நடுநிலை நாடான ஸ்வீடனில் காவல் படை என்ற பெயரில் பயிற்சி பெற்ற சுமார் 13,000 பேர், ஸ்காட்லாந்தில் பிரிட்டிஷ் முறையில் பழகிய பிரிகேடின் சுமார் 4,000 பேர். இம்மூன்றில் எதையும் ரூகே உருவாக்கவில்லை, எதோடும் அவர் வளரவில்லை. புதிய படைக்குரிய ஆட்கள், ஆயுதம், பிரிட்டனுடனான தொடர்பு, அதிகாரிகளுக்கிடையே யார் யாருக்குக் கீழ் என்ற பழக்கம் எல்லாமே அவர் முள்வேலிக்குள் இருந்த ஐந்தாண்டுகளில் அமைந்தவை. அவர் 1940இன் படைக்குத் தளபதி. அந்தப் படையோ 1945இல் இல்லை.

ஆகவே, இராணுவத்தை எப்படி மீண்டும் கட்டுவது, அதில் இறுதிச் சொல் யாருடையது என்ற கேள்விகள் எழுந்தபோது, ரூகேயிடம் இருந்தது மக்களின் மதிப்பு. ஹௌகேயிடம் இருந்தது நாடாளுமன்றப் பெரும்பான்மையும் தலைமறைவுக் காலத்தில் சேர்ந்த ஆள்பலமும். 1946 தொடக்கத்தில் ரூகே விலகினார். அவரிடத்துக்கு ஹால்வோர் ஹன்சன் வந்தார். ஹௌகே 1952 வரை அமைச்சராக நீடித்தார். ஜெர்மனியில் பிரிட்டிஷ் மண்டலத்துக்கு 1947 முதல் நார்வே பிரிகேடுகள் முறைவைத்துச் சென்றதும், 1949இல் நார்வே நேட்டோவில் சேர்ந்ததும் அவர் காலத்தில்தான். இந்த மாற்றங்களில் ரூகேக்குப் பங்கில்லாமல் போனது நார்வேக்கு இழப்பு என்றே நான் கருதுகிறேன். சிறிய நாடு உதவிக்காகக் காத்திருக்கும் போரை நடத்துவது எப்படியிருக்கும் என்பதை அவரளவு உள்ளிருந்து அறிந்தவர் அந்நாட்டில் வேறு யாருமில்லை.

கைதியாகத் தங்கியதால் அவர் எதிர்காலத்தை இழந்தார் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் கூடாது. தங்காமல் போன ஃப்ளைஷருக்கு நடந்ததைப் பாருங்கள். நார்விக்கை மீட்ட தளபதி அவர். பிரிட்டனில் நார்வே தரைப்படைக்குத் தலைமை தாங்கினார். ஆனால் 1942இல் ஒருங்கிணைந்த தலைமைத் தளபதிப் பதவி உருவாக்கப்பட்டபோது, அது அவரைவிட இளையவரான வில்ஹெல்ம் ஹன்ஸ்டேனுக்குப் போயிற்று. ஃப்ளைஷர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒட்டாவாவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சென்றவருக்கும் அரசோடு ஒத்துவரவில்லை, தங்கியவருக்கும் ஒத்துவரவில்லை. 1940இல் அரசும் இராணுவமும் ஒன்றன்மேல் ஒன்று கொண்ட கசப்பு இவ்விருவரையும் விடாமல் தொடர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பர் வடதிசையின் பதிவில் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. ரூகேயிடம் எனக்குள்ள மதிப்பு அதனால் குறையவில்லை என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். டாங்கி இல்லை, டாங்கி எதிர்ப்புப் பீரங்கி இல்லை என்றார். உண்மை. ஆனால் இராணுவத்தைச் சுருக்கிய 1933ஆம் ஆண்டுத் திட்டத்தின் பின்னே இருந்த முக்கியமான சிந்தனை ரூகேயுடையது. பெரிய படையைப் பெயரளவில் வைத்திருப்பதைவிட, நடுநிலையைக் காக்கும் அளவுக்குச் சிறிய, தரமான படை போதும் என்று அவர் வாதிட்டார். சக அதிகாரிகள் பலர் அதை எதிர்த்தனர். திட்டம் நிறைவேறியது, ஆனால் தரத்துக்குத் தேவையான பணம் முழுமையாக வரவில்லை. விளைவு, சிறிய படை கிடைத்தது, தரம் கிடைக்கவில்லை. 1940இல் அந்தப் படையை வைத்துக்கொண்டே அவர் போரிட வேண்டியிருந்தது. போருக்குப் பின் அவரை எல்லா அதிகாரிகளும் ஒரே மனத்தோடு ஆதரிக்கவில்லை என்றால், இந்தப் பழைய கணக்கும் அதில் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

வடதிசை

1933ஐப் பற்றிய குறிப்பு நியாயமானது; ஏற்கிறேன். ஆனாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல விரும்புகிறேன். ரூகே கேட்டது நல்ல பயிற்சியும் நல்ல ஆயுதமும் உள்ள சிறிய படை. நாடாளுமன்றம் அதில் ‘சிறிய’ என்பதை உடனே எடுத்துக்கொண்டு மற்றதை அடுத்த ஆண்டுக்கு, அதற்கடுத்த ஆண்டுக்கு என்று தள்ளியது. திட்டம் தந்தவர் பொறுப்பிலிருந்து முழுமையாக விடுபடமாட்டார். ஆனால் பாதி நிறைவேறிய திட்டத்தின் முழுப்பழியும் அவரைச் சேராது.

ஏட்டுவாசி

கடலோடி அவர்களுக்கு மேலும் ஒரு குறிப்பு. பதவி விலகிய பின் ரூகே ஆஸ்லோவுக்குத் தென்கிழக்கே மீசென் என்ற ஊரில் உள்ள ஹோய்தோர்ப் கோட்டையில் வசித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் எல்லையைக் காக்கக் கட்டிய கோட்டை அது. 1940 ஏப்ரலில் அங்கும் சண்டை நடந்து, சில நாட்களில் ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. 1961இல் மறையும்வரை ரூகே அங்கேயே இருந்தார். 1940 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான போரைப் பற்றி அவர் எழுதிவைத்த நினைவுகள் அவர் மறைந்து நெடுநாள் கழித்து, 1989இல்தான் நூலாக வெளிவந்தன. உங்கள் இரண்டாவது ஐயத்தைத் தொடர்ந்து ஆராய விரும்பினால், பிறர் எழுதிய சுருக்கங்களைவிட முதலில் அதைத்தான் தேட வேண்டும். ட்ரொண்ட்ஹெய்ம் உடன்படிக்கையின் வாசகத்தையும் அதோடு சேர்த்துப் படியுங்கள்; எல்லா நார்வேப் படைகளும் என்று அதில் வரும் தொடரை எவ்வளவு விரிவாகக் கொள்வது என்பதில்தான் பின்னாளைய வழக்குகளின் வாதமெல்லாம் சுழன்றது.